தன் நெருப்பில் தானே வேகும் பொடி

இரவு நேரத்தில் ரயில் பாதையில் தண்டவாளம் ஒட்டுவதைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறப்பதில்லை. இரண்டு தண்டவாளங்களின் முனைகளுக்கு நடுவே சுமார் ஓர் அங்குல இடைவெளி. அதைச் சுற்றி மணல் அச்சு. முனைகளை முதலில் நன்றாகக் காய்ச்சிவிட்டு, அச்சின்மேல் ஒரு மூசையை வைக்கிறார்கள். மூசைக்குள் இருப்பது இரும்பு ஆக்சைடும் அலுமினியத் துகளும் கலந்த பொடி. மத்தாப்புக் குச்சி போன்ற ஒன்றைப் பற்ற வைத்து அதில் செருகுகிறார் தொழிலாளி. சில விநாடிகளில் மூசை சீறுகிறது, கண் கூசுகிறது, உருகிய எஃகு வெள்ளை வெளேரென்று அச்சுக்குள் இறங்குகிறது.

அந்த எஃகை உருக்கியது எது? அங்கே உலை இல்லை, துருத்தி இல்லை, மின்சாரக் கம்பியும் இல்லை. நெருப்பு பொடிக்குள்ளேயே இருந்தது. அலுமினியத்துக்குப் பிராணவாயுவின் மேல் தீராத ஆசை. இரும்பு ஆக்சைடிடமிருந்து அதைப் பறித்துக்கொள்கிறது. அந்தப் பறிப்பிலே பிறக்கும் உஷ்ணம் இரும்பை உருக்கிவிடுகிறது. ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-ல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். 1899-ல் எஸ்ஸன் நகரத்து டிராம் தண்டவாளங்கள் இவ்வாறு ஒட்டப்பட்டன. இந்திய ரயில்வேயும் இதே முறையைக் கையாண்டு வருகிறது.

ஒரு பைப் பொடி ஓர் உலையின் வேலையைச் செய்துவிடுகிறது! அப்படியானால் இதே வித்தையைக் கொண்டு, சாதாரண உலை எதுவும் உருக்க முடியாத பொருள்களைச் செய்ய முடியுமா? அதுவும் சல்லிசாகச் செய்ய முடியுமா? விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு விடை தேடி வருகிறார்கள். பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிதான் சிக்கலானது.

இறக்கை ஓரத்தில் ஒரு துளை

உலையே உருக்க முடியாத பொருள் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதியை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். அன்றுதான் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் வானத்திலேயே சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் அதில் மாண்டனர்.

விபத்துக்கு விதை ஜனவரி 16-ந் தேதி, கலம் புறப்பட்ட 82-வது விநாடியிலேயே விழுந்துவிட்டது. வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன் ஓரத்தில் மோதித் துளை போட்டது. திரும்பி வரும்போது அந்த ஓரம் 1,600 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கும். அதைத் தாங்குவதற்காகக் கரியிழையால் செய்த கவசம் அங்கே இருந்தது. கவசத்தில் துளை விழுந்ததும் அனல் உள்ளே புகுந்தது. உள்ளே இருந்தது அலுமினியச் சட்டம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்.

கவசப் பொருள் வெப்பத்தைத் தாங்காமல் போனதால் இந்த விபத்து நேரவில்லை, அடிபட்டதால் நேர்ந்தது. ஆயினும், பறக்கும் கலத்தின் ஓரத்தில் கைப்பிடி அளவு இடத்தில் உஷ்ணம் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அன்று கண்டது.

கவசத்தை மொத்தமாக, மழுங்கலாக வைத்தால் உஷ்ணம் குறையும். 1950-களின் தொடக்கத்தில் ஜூலியன் ஆலன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்த உண்மை இது. மழுங்கிய முகத்துக்கு முன்னால் காற்று ஓர் அணைபோல் திரண்டு நின்று, உஷ்ணத்தின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் மழுங்கிய கலம் கல்லைப் போல் விழும். விமானத்தைப் போல் லாவகமாகத் திரும்பாது. திரும்ப வேண்டுமானால் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். கூர்மையான ஓரத்திலோ உஷ்ணம் எல்லை மீறும். 2,000 டிகிரியிலும் கத்திபோல் நிற்கக்கூடிய ஒரு பொருள் தேவை.

மூவாயிரத்தைத் தாண்டிய குடும்பம்

இரும்பு 1,538 டிகிரியில் உருகுகிறது. பல்புக்குள் ஒளிரும் டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை தாங்கும். ஆனால் காற்றுப் பட்டால் அதற்கு முன்பே எரிந்து போகும். போதாக்குறைக்கு, ஈயத்தைவிடக் கனம்.

இவற்றுக்கு மாற்றாக ஒரு பீங்கான் குடும்பம் இருக்கிறது. டீ குடிக்கும் பீங்கான் அல்ல. சிர்க்கோனியம், ஹாஃப்னியம், டைட்டானியம், டாண்டலம் போன்ற உலோகங்கள் போரானோடோ கரியோடோ சேர்ந்து உண்டாகும் பொருள்கள் இவை. சிர்க்கோனியம் டைபோரைடு சுமார் 3,245 டிகிரியில் உருகும். ஹாஃப்னியம் டைபோரைடு சுமார் 3,380. ஹாஃப்னியம் கார்பைடு 3,900-ஐ எட்டும். மூவாயிரத்தைத் தாண்டுகிற இந்தக் குடும்பத்துக்குத்தான் அதி உயர் உஷ்ணப் பீங்கான் என்று பெயர்.

இவற்றில் சிர்க்கோனியம் டைபோரைடுக்குத் தனிச் சிறப்பு உண்டு. டங்ஸ்டனின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பீங்கானாக இருந்தும் உலோகத்தைப் போல் உஷ்ணத்தைக் கடத்துகிறது; ஆகையால் கூர்முனையில் சேரும் அனலைப் பின்னால் தள்ளிப் பரப்பிவிடுகிறது.

இதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் அபூர்வமானவையா என்றால், இல்லை. சிர்க்கோனியம் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கரையில் அலை ஒதுக்கும் கனமணலில் இல்மனைட், மோனசைட், கார்னெட் ஆகியவற்றோடு சிர்கானும் கலந்திருக்கிறது. அங்கே பொதுத்துறை ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. போரானோ இன்னும் பழகிய பொருள். பொற்கொல்லர்கள் பற்றவைப்பதற்குப் பயன்படுத்தும் வெண்காரத்தில் இருப்பது அதுதான். கேரம் பலகையில் தூவும் போரிக் பொடியில் இருப்பதும் அதுதான்.

கடற்கரை மணலும் வெண்காரமும்! பிறகு ஏன் விலை?

விலை எங்கே ஏறுகிறது?

விலை மண்ணில் இல்லை, நெருப்பில் இருக்கிறது.

சிர்கான் மணலிலிருந்து சுத்தமான சிர்க்கோனியம் எடுக்கிற வழியைப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலை 2009 முதல் இயங்குகிறது. அணு உலைக் குழாய்களுக்கு வேண்டிய உலோகம் அங்கே தயாராகிறது. மணலை முதலில் காரத்தோடு சேர்த்து உருக்க வேண்டும். கரைசலாக்கி, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஹாஃப்னியத்தைப் பிரிக்க வேண்டும். பிறகு ஆக்சைடு. அதைக் குளோரினோடு சேர்த்துக் குளோரைடாக்க வேண்டும். அதன்பின் மக்னீசியத்தைக் கொண்டு உலோகமாக்க வேண்டும். கடைசியில் காற்றில்லாத கலத்தில் காய்ச்சிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் எரிபொருள்; ஒவ்வொரு படியிலும் செலவு.

சுத்தமான போரான் எடுப்பதும் இப்படித்தான். வெண்காரம் மலிவு, போரான் பொடியோ விலை மிகுந்தது.

அந்த இரண்டு சுத்தப் பொருள்களையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்தால் பொடி கிடைக்கும். அந்தப் பொடியை மறுபடியும் 1,900 டிகிரி அளவில் சுட்டு அழுத்தினால்தான் உருப்படியான ஒரு துண்டு கிடைக்கும். சேலத்து வெள்ளிக் கொலுசின் விலையில் வெள்ளியும் உண்டு, கூலியும் உண்டு. இங்கே ஏறக்குறைய எல்லாமே கூலி. அதிலும் பெரும்பகுதி நெருப்புக்குக் கொடுக்கும் கூலி.

திட ஜ்வாலை

இந்தக் கூலியைக் குறைக்கும் வழி ஒன்று, அதைத் தேடாதவர்களுக்குக் கிடைத்தது.

மாஸ்கோவுக்கு வடகிழக்கே காடு சூழ்ந்த செர்னகலோவ்கா என்ற ஊர் இருக்கிறது. ரசாயன பௌதிகக் கழகத்தின் கிளை அங்கே இருந்தது. அக்கழகத்தின் தலைவர் நிகோலாய் செமியோனவ் 1956-ல் நோபல் பரிசு பெற்றவர். நெருப்பு எப்படிப் பரவுகிறது என்பதே அங்கே ஆராய்ச்சி.

நெருப்பை ஆராய்வதில் ஒரு தொல்லை உண்டு. எதை எரித்தாலும் வாயு கிளம்பும். அந்த வாயு கணக்கைக் குழப்பும். வாயுவே வராமல் எரிகிற ஒரு பொருள் கிடைத்தால் நெருப்பின் இலக்கணத்தைத் தெளிவாக எழுதிவிடலாம் அல்லவா? அலெக்சாந்தர் மெர்ஷானவ், இன்னா போரோவின்ஸ்காயா, வலெந்தீன் ஷ்கிரோ ஆகிய மூவரும் அப்படிப்பட்ட கலவைகளைச் சோதித்து வந்தார்கள்.

1967-ல் டைட்டானியப் பொடியையும் போரான் பொடியையும் கலந்து, உருளையாக அழுத்திப் பற்றவைத்தார்கள். உருளையின் மேல்முனையில் ஒரு வெளிச்ச வளையம் தோன்றியது. அது மெதுவாகக் கீழே இறங்கியது. அடிவரை சென்று அணைந்தது. புகை இல்லை. ஆறியபின் பார்த்தால் உருளை அப்படியே நின்றது. சாம்பலாகவில்லை, உருகி ஓடவுமில்லை. ஆனால் அது இப்போது டைட்டானியமும் அல்ல, போரானும் அல்ல. இரண்டும் சேர்ந்த டைட்டானியம் டைபோரைடு. கண்ணாடியைக் கீறக்கூடிய பீங்கான்.

எரிந்தால் பொருள் அழியும் என்பது உலக வழக்கு. இங்கே எரிந்ததனால் பொருள் பிறந்தது. அந்த நெருப்புக்குத் திட ஜ்வாலை என்று பெயரிட்டார்கள்.

நடப்பது இதுதான். டைட்டானியமும் போரானும் கூடும்போது ஏராளமான உஷ்ணம் பிறக்கிறது. அந்த உஷ்ணம் அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறது. அது அதற்கடுத்த அடுக்கை. ஊதுவத்தி எரிவதைப் போல நெருப்பு தானே நகர்கிறது. வேகம் கலவைக்குத் தக்கபடி விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரிலிருந்து பல சென்டிமீட்டர் வரை மாறும். உஷ்ணமோ 2,000 டிகிரியிலிருந்து 3,000 டிகிரி வரை போகும். முதல் பொறிக்கு மட்டும் ஒரு டங்ஸ்டன் சுருளில் ஒரு கணம் மின்சாரம். அதோடு சரி. அந்தக் கொதிப்பில் கலவையிலுள்ள அழுக்குகளில் சில ஆவியாகி வெளியேறியும் விடுகின்றன.

1980-களில் இச்செய்தி மற்ற நாடுகளில் நன்றாகப் பரவியது. 1987-ல் செர்னகலோவ்காவில் இதற்கென்றே ஒரு கழகம் தோன்றியது. மெர்ஷானவ் அதன் தலைவரானார். 2013-ல் அவர் காலமானார். கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. டைட்டானியத்துக்குப் பதில் சிர்க்கோனியத்தைப் போட்டாலும் ஜ்வாலை ஓடுகிறது. விண்கல ஓரத்துக்கு வேண்டிய பொடி கிடைக்கிறது.

நெருப்புக் கூலி இதனால் ஒழிந்தது. ஆனால் கலவையில் போட்ட சுத்தமான சிர்க்கோனியமும் சுத்தமான போரானும்? அவற்றைச் செய்த உலைகள் எங்கோ எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. தவிர, நுண்ணிய சிர்க்கோனியப் பொடி காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது, கையாளுவது ஆபத்து.

ஆக்சைடோடு நிறுத்தினால் என்ன?

இங்கேதான் ரயில் பாதைத் தொழிலாளியின் மூசை மீண்டும் நினைவுக்கு வருகிறது. அவர் இரும்பைத் தனியாகச் செய்துகொண்டு வந்து உருக்கவில்லை. இரும்பு ஆக்சைடிலிருந்து நேராக எஃகுக்குப் போனார். அதையே இங்கேயும் செய்யலாம்.

சிர்க்கோனியத்தை உலோகமாக்கும் கடைசிப் படிகளை விட்டுவிட்டு, ஆக்சைடோடு நிறுத்திக்கொள்வது. சுத்தப் போரானுக்குப் பதில் போரிக் அமிலத்தைக் காய்ச்சிப் பெறும் போரான் ஆக்சைடு. இரண்டோடும் மக்னீசியத் துகளைக் கலந்து பற்றவைத்தால், மக்னீசியம் இரண்டிடமிருந்தும் பிராணவாயுவைப் பறிக்கிறது. விடுபட்ட சிர்க்கோனியமும் போரானும் அந்த அனலிலேயே கைகோத்துக்கொள்கின்றன. ஹாஃப்னியத்தைப் பிரிக்கும் தொல்லையும் இல்லை. அணு உலைக்குத்தான் ஹாஃப்னியம் ஆகாது; பீங்கானுக்கு அதனால் கெடுதல் இல்லை.

அனல் அளவுக்கு மீறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். அதைத் தடுக்கக் கண்டுபிடித்த மருந்து சமையலறையில் இருக்கிறது: உப்பு! கலவையில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் அது உருகி உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கியும் வைக்கிறது. வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து போகும். எஞ்சி நிற்கும் மக்னீசியம் ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்துக் கழுவினால், அடியில் கறுப்பாகப் படிவது சிர்க்கோனியம் டைபோரைடு.

கரியும் உமியும்

மக்னீசியத்துக்குப் பதில் கரியை விட்டே பிராணவாயுவைப் பறிக்கச் சொல்லலாம். கரி மலிவு. ஆனால் இந்தக் கலவை தானே எரியாது. 1,500 டிகிரிக்கு மேல் உலையில் வைத்துக் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் டைட்டானியம் ஆக்சைடு, போரான் கார்பைடு, கரி மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி டைட்டானியம் டைபோரைடு செய்திருக்கிறார்கள். கரித்தூளுக்குப் பதில் சர்க்கரைக் கரைசலைக் கலந்து, அது கருகிக் கரியாகும்படி செய்தவர்களும் உண்டு. கரி எவ்வளவு நெருக்கமாகக் கலந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வேலை முடியும் என்பது அதன் தத்துவம்.

நெருக்கமான கலவைக்கு இயற்கையே தந்த உதாரணம் நெல் உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ரைஸ் மில்களில் மலைபோல் குவிவது. அடுப்பெரிக்கவும் செங்கல் சூளைக்கும் போவது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா உமியில் வந்து தங்குகிறது. உமியின் எடையில் 15 முதல் 20 சதவிகிதம் வரை அதுதான். அதனால்தான் உமிச் சாம்பலில் பல் துலக்கினால் நறநறவென்றிருக்கிறது.

1970-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்து ஐவன் கட்லர், காற்றுப் படாமல் உமியைக் கருக்கி, 1,500 டிகிரி அளவில் காய்ச்சினார். உமியின் சிலிக்காவும் உமியின் கரியும் சேர்ந்து சிலிக்கன் கார்பைடாக மாறின. 1890-களிலிருந்து நடைமுறையிலுள்ள எட்வர்ட் அச்செசனின் முறையில் மணலையும் கரியையும் 2,000 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

சிலிக்கன் கார்பைடு மூவாயிரக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் அக்குடும்பத்துக்கு அவசியமான துணை. சிர்க்கோனியம் டைபோரைடு தனித்து நின்றால் கடும் அனலில் அதன் மேல்தோல் காற்றோடு சேர்ந்து அரித்துப் போகும். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிலிக்கன் கார்பைடைக் கலந்தால், மேற்பரப்பில் கண்ணாடிபோல் ஓர் ஏடு படர்ந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. வயலில் கழித்த உமி விண்கல ஓரத்துக்குத் துணை செய்யக்கூடும் என்பது கதையல்ல, ரசாயனம்.

கணக்குப் பார்த்தால்

ஆனால் சல்லிசு என்று சொல்வதற்கு முன் தராசை எடுக்க வேண்டும். இந்த ரசாயனக் கணக்கைப் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம்.

மக்னீசிய வழியில் 1 கிலோ சிர்க்கோனியம் டைபோரைடு செய்ய 1 கிலோ 80 கிராம் மக்னீசியம் வேண்டும். கிடைக்கும் பொருளைவிட அழியும் உலோகம் அதிகம்! கூடவே 1 கிலோ 790 கிராம் மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அதைக் கரைக்க 3 கிலோவுக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர் நீங்கலாக. அந்த மக்னீசியம் எங்கிருந்து வருகிறது? உலக மக்னீசியத்தில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. டாலமைட் கல்லைச் சுட்டு, ஃபெர்ரோசிலிக்கனோடு சேர்த்து, காற்றில்லாத குழாய்களில் 1,200 டிகிரி அளவில் காய்ச்சி எடுக்கிறார்கள். உலை ஒழியவில்லை, வேறொரு நாட்டுக்குப் போயிருக்கிறது.

கரி வழியில் 1 கிலோவுக்கு 530 கிராம் கரி போதும். கழுவ வேண்டியதில்லை. ஆனால் 1 கிலோ 240 கிராம் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கிளம்பும். அதை எரித்து உலைக்கே எரிபொருளாக்கலாம். அப்படியே விட்டால் ஆளைக் கொல்லும். போரான் ஆக்சைடும் அனலில் ஆவியாகி ஓடுவதால், கணக்கைவிடக் கூடுதலாகவே போட வேண்டியிருக்கிறது.

கடற்கரை மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மணலோடு வரும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிர்வீச்சுள்ள பொருள். மணல் எடுப்பதால் கரை அரிக்குமோ, நோய் வருமோ என்ற கவலை குமரிக் கடலோரத்து மீனவ கிராமங்களில் நெடுநாளாக உண்டு. அந்தக் கவலைக்குச் சரியான மறுமொழி சொல்லாமல் பொடியின் விலையை மட்டும் குறைத்துக் காட்டினால், கணக்கில் ஒரு பத்தியை மறைத்ததாகும்.

இத்தனையும் சொல்வது முயற்சியைக் குறை கூறுவதற்கல்ல. எந்த இடத்தில் சிக்கனம் செய்யலாம் என்று கணக்குத்தான் காட்டுகிறது. அமிலத்தில் கரைந்த மக்னீசியம் குளோரைடை வீணாகக் கொட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து மின்சாரத்தால் மக்னீசியத்தைத் திரும்ப எடுக்கலாம். டைட்டானியம் எடுக்கும் ஆலைகளில் இப்படி மக்னீசியத்தைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. அந்த மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால் வட்டம் நன்றாகவே மூடிக்கொள்ளும்.

துகள் சிறிது, பாடம் பெரிது

மலிவைத் தேடும்போது மறக்கக்கூடாத இன்னொன்று தரம். 1997 மே மாதத்தில் அமெரிக்காவின் நாசா, ஹாஃப்னியம் டைபோரைடில் செய்த ஒரு கூர்முனையை ஏவுகணையில் பொருத்திச் சோதித்தது. 2000 செப்டம்பரில் இரண்டாவது சோதனை. இம்முறை கடலில் விழுந்த பாகத்தை மீட்டெடுத்தார்கள். கத்திபோன்ற பீங்கான் துண்டுகளில் விரிசல் விட்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, குறை அந்தப் பொருளின் குலத்தில் இல்லை, செய்த விதத்தில் இருந்தது. உள்ளே துகள்கள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தன. அதன் பிறகு நாசா விஞ்ஞானிகள் பொடியைக் கலந்து சுடும் வேலையைத் தங்கள் கூடத்திலேயே கவனமாகச் செய்யத் தொடங்கினார்கள்.

மாவு சரியாக அரைபடாவிட்டால் இட்லி கல்லாகும், அதோடு போயிற்று. இங்கே கட்டி விழுந்தால் கலமே போகும். ஆகவே மலிவாகச் செய்த பொடி, நுண்மையாகவும் சுத்தமாகவும் ஒரே சீராகவும் இருந்தாக வேண்டும். திட ஜ்வாலையை அடக்க உப்பைச் சேர்த்தார்களே, அதன் அருமை இப்போது விளங்கும்.

பிஸ்கட் உறை வரை

விண்கலமும் ஏவுகணையும் மட்டும்தான் இதற்கு வாடிக்கையாளர்கள் என்றால், விலை குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று கேட்கலாம். அரசாங்கங்கள் எந்த விலையும் கொடுக்கும். விலை குறைவதால் உண்மையான லாபம் அடையப் போவது சாதாரணத் தொழில்கள்.

பிஸ்கட், சிப்ஸ் பொட்டலங்களின் உட்புறம் வெள்ளிபோல் பளபளப்பது மெல்லிய அலுமினியப் பூச்சு. அலுமினியத்தை ஆவியாக்கி பிளாஸ்டிக் தாளில் படியச் செய்கிறார்கள். அலுமினியத்தை ஆவியாக்கும் அந்தச் சிறு தொட்டி டைட்டானியம் டைபோரைடு கலந்த பீங்கானால் ஆனது. செர்னகலோவ்காவில் உருளையாக எரிந்த அதே பொருள்!

அதைவிடப் பெரிய வேலை அலுமினிய ஆலைகளில் காத்திருக்கிறது. அலுமினியம் எடுக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. மின்சாரத் தொட்டியின் அடித்தளத்தை டைட்டானியம் டைபோரைடால் அமைத்தால், உருகிய அலுமினியம் அதில் படிந்து பரவும்; மின்முனைகளை இன்னும் நெருக்கமாக வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். இந்த யோசனை பல பத்தாண்டுப் பழமை உடையது. உருகிய அலுமினியத்தில் வெகுகாலம் விரிசலின்றி நிற்கும்படி செய்வது ஒரு தடை. பொருளின் விலை மற்றொரு தடை.

இங்கே சல்லிசு என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் கிடைக்கிறது. பொடி செய்ய ஆகும் நெருப்பு குறைந்தால், அந்தப் பொடி வேறோர் ஆலையின் நெருப்பையும் குறைக்கும். ஆனால் பொடியைச் செய்யும்போதே நெருப்பை அண்டை நாட்டிலும், அமிலத்தை ஆற்றிலும், கவலையைக் கடற்கரைக் குடிசையிலும் இறக்கி வைத்தால், அது மலிவு ஆகாது, கடன் ஆகும்.

மூசையிலிருந்து எஃகு இறங்கியபின், ரயில் பாதைத் தொழிலாளிகள் அச்சை உடைத்து, பிதுங்கி நிற்கும் எஃகை வெட்டி, ஒட்டிய இடத்தை வழவழப்பாகத் தேய்க்கிறார்கள். கோளாறு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். பொடி தானே எரிந்துவிட்டது என்பதனால் மனிதனின் வேலை தீர்ந்துவிடுவதில்லை. விடிந்ததும் அதன்மேல் ரயில் ஓட வேண்டும். ரயிலில் ஜனங்கள் இருப்பார்கள்.